அழைப்பிதழ் ஆர்டர் படிவம்: பிஎச்பியா, பைதானா, ஜாவாஸ்கிரிப்டா? எதில் ஆரம்பிப்பது?

அச்சுக்கூடம்:

வணக்கம் நண்பர்களே. ஈரோடு பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், பெரும்பாலும் இவைதான். கடைக்கு ஒரு வலைத்தளம் இருக்கிறது, யூடியூப் பார்த்து எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் கற்றுக்கொண்டு நானே செய்தது. சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள, பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் சாதாரண ஷேர்ட் ஹோஸ்டிங், ஒரு வருடத்துக்குப் பணம் கட்டியாயிற்று.

விஷயம் என்னவென்றால், வாடிக்கையாளர்கள் விவரத்தை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்புகிறார்கள். முகூர்த்த நேரம் ஒரு மெசேஜில் வரும், மண்டபத்தின் பெயர் குரல் பதிவில் வரும், தாய்மாமன் பெயர் நோட்டுத் தாளில் எழுதிய போட்டோவாக வரும். போன ஆவணியில் பெண்ணுடைய பெரியப்பா பெயர் இப்படித்தான் விட்டுப்போனது, 400 பத்திரிகையைத் திரும்ப அடித்துக் கொடுத்தோம், காசு போனதைவிட அந்த வீட்டில் பட்ட சங்கடம்தான் இன்னும் மனதில் இருக்கிறது. அதனால் எல்லா விவரத்தையும் ஒரே படிவத்தில் வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழில் நிரப்புவார்கள். சாமி படம், மணமக்கள் படம் என்று இரண்டு மூன்று போட்டோவும் இணைப்பார்கள்.

படிவத்தின் தோற்றம் வரை செய்துவிட்டேன். ‘அனுப்பு’ பட்டனை அழுத்தினால் அது எங்கே போகிறது, யார் வாங்கி வைப்பது என்பதுதான் தெரியவில்லை. ஒரு நண்பர் பைதான் படி என்கிறார், இன்னொருவர் ஜாவாஸ்கிரிப்ட் போதும் என்கிறார், மூன்றாமவர் பிஎச்பி எல்லாம் செத்துப்போன மொழி என்கிறார். புரோகிராமிங் இதுவரை தொட்டதில்லை. இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். எதை எடுத்தாலும் அதையே பிடித்துக்கொண்டு முடிக்க ஆசை. வழி சொல்லுங்கள்.

நொய்யல்கரை:

ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டியாயிற்று என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் நண்பரே, அப்படியானால் பிஎச்பியில் ஆரம்பியுங்கள். ஷேர்ட் ஹோஸ்டிங்கில் பிஎச்பி ஃபைலை ஃபோல்டரில் போட்டால் அடுத்த நொடியே ஓடும். பைதானையோ, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடையோ ஓட்டுவதற்குச் சில நிறுவனங்கள் அதே கணக்கில் இடம் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை, கொடுத்தாலும் புதிதாக வருபவர் அதை அமைத்து முடிப்பதற்குள் சில வாரங்களின் இரவுகள் போய்விடும்.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று கேட்டீர்களே, மொழியைவிட அதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஃபார்ம் டேகில் ஆக்‌ஷன் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே எந்த முகவரி எழுதியிருக்கிறீர்களோ அந்த முகவரிக்கு பிரவுசர் எல்லாக் கட்டங்களையும் பெயரும் மதிப்புமாகக் கட்டி அனுப்பும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘நேம்’ கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், ‘ஐடி’ மட்டும் கொடுத்துவிட்டு நேம் கொடுக்காமல் விட்ட கட்டம் சர்வருக்குப் போகவே போகாது, நான் கற்றுக்கொடுத்த பையன்கள் பாதிப்பேர் இதில்தான் முதல் நாளைத் தொலைத்தார்கள். மெத்தட் என்ற இடத்தில் ‘கெட்’ என்று இருந்தால் நிரப்பியதெல்லாம் முகவரிப் பட்டையிலேயே தெரியும், ‘போஸ்ட்’ என்றால் தெரியாது. உங்களுக்கு வேண்டியது போஸ்ட். அந்தப் பக்கம் இருக்கும் பிஎச்பி ஃபைல் அதை வாங்கிச் சரிபார்த்து, டேட்டாபேஸில் எழுதி, ‘ஆர்டர் கிடைத்தது’ என்று பதில் காட்டும். பைதானில் எழுதினாலும் இதே வேலைதான், எழுதும் விதம்தான் வேறு.

செத்துப்போன மொழி என்றெல்லாம் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேர்ட்பிரஸ் பிஎச்பியில் எழுதியது, விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கியும் பிஎச்பிதான். அதோடு, இந்த மொழி வளர்ந்ததே படிவ வேலையில்தான். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-இல் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய கருவிகளை 1995-இல் வெளியிட்டார், அப்புறம் வந்த பதிப்புக்கு பிஎச்பி எஃப்ஐ என்று பெயர், அந்த எஃப்ஐ என்பதன் விரிவே ஃபார்ம்ஸ் இன்டர்பிரட்டர்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். பிஎச்பிக்கு இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் ஏகப்பட்டவை பழையவை. ‘மைஎஸ்க்யூஎல் கொயரி’ என்று நேராகத் தொடங்கும் ஃபங்ஷனைக் காட்டும் பாடமாக இருந்தால் உடனே மூடிவிடுங்கள், 2015 டிசம்பரில் வந்த 7-ஆம் பதிப்பிலேயே அதை நீக்கிவிட்டார்கள். படிவக் கட்டத்தின் பெயரே தானாக வேரியபிள் ஆகிவிடும் என்று சொல்லும் பாடம் அதைவிடப் பழையது, அந்த வசதியை 2002-இலேயே அணைத்து வைத்து, 2012-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். 8-ஆம் பதிப்பைப் பற்றிப் பேசும் பாடமாகத் தேடுங்கள். டேட்டாபேஸோடு பேசுவதற்கு பிஎச்பியில் இருக்கும் பிடிஓ என்பதை மட்டும் படியுங்கள்.

பிடிஓவில் ‘பிரிப்பேர்’ என்று ஒன்று வரும், அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் டி'குரூஸ் என்று ஆங்கிலத்தில் பெயரை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வரும். பெயரை அப்படியே கட்டளை வரிக்குள் ஒட்டி அனுப்பியிருந்தால் அந்தக் குறி கட்டளையைப் பாதியில் முறித்துவிடும். நல்லவர் நிரப்பினால் பிழைச்செய்தி வரும், கெட்டவன் அதே ஓட்டை வழியாகத் தன் கட்டளையை எழுதி உங்கள் டேபிளையே அழித்துவிடலாம். பிரிப்பேர் முறையில் கட்டளை தனியாகவும் பெயர் தனியாகவும் போவதால் இந்தப் பிரச்சினையே எழாது.

வேம்பு:

ஹோஸ்டிங் விஷயத்தில் நொய்யல்கரை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முதல் மொழி என்று பார்த்தால் பைதான் பக்கம் நின்றுதான் பேசுவேன், ஏனென்றால் புதிதாகப் படிக்கும்போது தவறு செய்தால் உடனே முகத்துக்கு நேராகச் சொல்லும் மொழி வேண்டும். பிஎச்பி பல காலம் தவறை மூடி மறைத்தே வந்தது. ‘அழைப்பு’ என்ற சொல்லையும் பூஜ்ஜியத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்று சொன்ன மொழி அது, 2020-இல் 8-ஆம் பதிப்பு வந்த பிறகுதான் அதைத் திருத்தினார்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாடிக்கையாளர் நிரப்பியதை நீங்கள் கடைக் கணினியில் ஒரு பக்கமாகத் திறந்து பார்ப்பீர்கள் அல்லவா? அதில் யாராவது பெயருக்குப் பதிலாக ஒரு ஸ்கிரிப்ட் டேகை, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையை, எழுதி அனுப்பியிருந்தால் அது உங்கள் பிரவுசரில் ஓடிவிடும். பைதானில் வலைத்தளம் எழுத உதவும் ஃபிளாஸ்க் எடுத்துக்கொண்டால் அதன் எச்டிஎம்எல் டெம்ப்ளேட் அந்த டேகைத் தானாகவே வெறும் எழுத்தாக மாற்றிவிடுகிறது. வெறும் பிஎச்பியில் ஒவ்வோர் இடத்திலும் நீங்கள்தான் நினைவாக அதே மாற்றத்தைச் செய்யும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற ஃபங்ஷனைப் போட வேண்டும், பத்து இடத்தில் போட்டு ஓர் இடத்தில் மறந்தால் அந்த ஓர் இடம் போதும்.

பைதானில் போகலாம் என்று முடிவு செய்தால், படிவ விவரங்களை வாங்கப் பயன்பட்ட சிஜிஐ மாட்யூலை வைத்துச் சொல்லித்தரும் பழைய பாடங்களைத் தொடவே வேண்டாம், 2024-இல் வந்த 3.13 பதிப்பில் அந்த மாட்யூலே கிடையாது.

பாம்பன்காற்று:

ஜாவாஸ்கிரிப்டா வேண்டாமா என்ற கேள்வியே இங்கே எழாது நண்பா. பிரவுசருக்குள் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் எப்படியும் தேவைப்படும், ஆனால் அதை மட்டும் வைத்து இந்த வேலையை முடிக்க முடியாது. உங்கள் படிவத்தில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று ஒரு வீட்டில் மூன்று பெயர் வரும், இன்னொரு வீட்டில் பதினைந்து வரும். ‘இன்னொரு பெயர் சேர்’ என்று ஒரு பட்டன் வைத்து, அழுத்தினால் புதிய கட்டம் வரச் செய்வதற்குப் பத்துப் பதினைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். அந்தக் கட்டங்களின் நேமுக்குப் பின்னால் ஒரு சதுர அடைப்புக்குறியைத் திறந்து மூடிவிடுங்கள், பிஎச்பி அத்தனை பெயர்களையும் ஒரே வரிசையாக வாங்கிக்கொள்ளும்.

சர்வர் பக்கமும் ஜாவாஸ்கிரிப்டே எழுதலாம், நோட் 2009-இல் வந்ததிலிருந்து பலரும் அப்படித்தான் செய்கிறோம், நானும் அதில்தான் சம்பாதிக்கிறேன். ஆனாலும் உங்கள் ஹோஸ்டிங்குக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம், தேதி, மின்னஞ்சல் இதற்கெல்லாம் ஸ்கிரிப்டே வேண்டாம், எச்டிஎம்எல்லிலேயே ‘ரிக்வயர்ட்’ இருக்கிறது, டேட் வகைக் கட்டம் இருக்கிறது. தேதி பார்ப்பவருக்கு எப்படித் தெரிந்தாலும் சர்வருக்கு வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசையில்தான் வரும், அதனால் 5-ஆம் மாதம் 6-ஆம் தேதியா, 6-ஆம் மாதம் 5-ஆம் தேதியா என்ற குழப்பம் வராது, முகூர்த்தத் தேதிக்கு இது எவ்வளவு நல்லது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பிரவுசரில் செய்யும் இந்தச் சோதனையெல்லாம் நிரப்புபவரின் வசதிக்குத்தான். பிரவுசரே இல்லாமல் உங்கள் பிஎச்பி ஃபைலுக்கு நேராக எதை வேண்டுமானாலும் அனுப்ப முடியும், ஆகவே அதே சோதனையைச் சர்வரிலும் மறுபடி எழுதியே ஆக வேண்டும்.

யாழ்தென்னை:

மொழி எதுவாக இருந்தாலும் சரி, தமிழில் நிரப்பும் படிவம் என்றால் நீங்கள் இடறப்போகும் இடங்கள் வேறு. பத்து வருடமாகத் தமிழ்ப் படிவங்களோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் 15. பிஎச்பியில் நீளம் எண்ணும் ஃபங்ஷன்களில் எஸ்டிஆர்லென் 15 என்று சொல்லும், எம்பி எஸ்டிஆர்லென் 5 என்று சொல்லும், கிராஃபீம் எஸ்டிஆர்லென்தான் 3 என்று நம்மைப் போல எண்ணும். பெயர் 30 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று எங்கோ பார்த்து எஸ்டிஆர்லென்னால் சோதித்தீர்களானால், பத்துக் குறியீட்டுக்கு மேல் போகும் தமிழ்ப் பெயரே உள்ளே வராது. பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து பாதியில் உடைந்து கறுப்புக் கட்டமாக நிற்கும்.

அடுத்தது, பெயரில் ஏ முதல் இசட் வரைதான் வரலாம் என்று சோதிக்கும் வரியைப் பாடங்களிலிருந்து எடுத்து ஒட்டவே வேண்டாம். யூனிகோடில் ‘எழுத்து’ என்ற வகையை மட்டும் அனுமதித்தாலும் போதாது, நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்ற வேறு வகையில் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும். பைதானில் எழுதினாலும் இதே கதைதான், அதன் ‘சொல் எழுத்து’ குறியீடு புள்ளியைச் சேர்த்துக்கொள்ளாது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டமும் வேண்டாம். முதலெழுத்தை முன்னால் போடும் நம் ஆட்கள் இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்பார்கள். ஒரே கட்டம், பத்திரிகையில் எப்படி அச்சாக வேண்டுமோ அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

தொலைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமிக்க வேண்டாம், எழுத்தாகச் சேமியுங்கள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து இலக்கங்கள் 0-இல் தொடங்கும், எண்ணாகப் போட்டால் அந்த 0 காணாமல் போகும். அங்கே பெண் எடுத்த வெளிநாட்டு உறவுக்காரர் ஆர்டர் கொடுத்தால் உங்களுக்கும் இதே பிரச்சினை வரும்.

டேட்டாபேஸில் சார்செட்டை, அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறையை, யுடிஎஃப்8எம்பி4 என்று அமையுங்கள். டேபிளில் அமைத்தால் மட்டும் போதாது, பிடிஓ இணைப்பு வரியிலும் அதே சார்செட்டைக் குறிப்பிடுங்கள். எங்காவது ஓரிடத்தில் லத்தீன் சார்செட் இருந்தாலும் மாப்பிள்ளை பெயர் முழுவதும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படலாம், கேள்விக்குறியாகச் சேமித்ததைத் திரும்பத் தமிழாக்க வழியே இல்லை.

கடையில் பேஜ்மேக்கரில் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு வைத்துத்தான் வேலை நடக்கிறதா? அப்படி என்றால் டேட்டாபேஸில் எப்போதும் யூனிகோடாகவே வைத்திருங்கள், அச்சுக்கு எடுக்கும் நேரத்தில் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றைப் பாவித்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் வாசித்துவிடுங்கள், ‘ஸ்ரீ’யும் கொம்பு எழுத்துகளும் சில எழுத்துருக்களில் பிசகும்.

பழையசர்வர்:

மின்னஞ்சல் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். ஆர்டர் வந்ததும் உங்களுக்கு மெயில் வர வேண்டும் என்று கட்டாயம் கேட்பீர்கள்.

2009-இல் ஒரு கடைக்கு நான் தொடர்புப் படிவம் எழுதிக் கொடுத்தேன். நிரப்புபவர் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை அப்படியே மெயிலின் ‘ஃபிரம்’ வரியில் போட்டிருந்தேன். யாரோ அந்தக் கட்டத்தில் முகவரிக்குப் பின்னால் ஒரு புதுவரிக் குறியைச் செருகி, அதன் கீழே தங்களுக்கு வேண்டிய முகவரிகளை எழுதி, என் படிவத்தை வைத்தே ஊர் முழுக்கக் குப்பை மெயில் அனுப்பிவிட்டார்கள். காலையில் பார்த்தால் ஹோஸ்டிங் கணக்கு முடக்கப்பட்டிருந்தது, கடைக்காரரின் உண்மையான மெயில்கூட ஒரு வாரத்துக்கு யாருக்கும் போய்ச் சேரவில்லை. தவறு முழுக்க என்னுடையது. அவர் என்னை நம்பித்தானே கொடுத்தார்.

அதனால், பிஎச்பியின் வெறும் மெயில் ஃபங்ஷனை விட்டுவிட்டு பிஎச்பிமெய்லர் என்ற ஆயத்தக் கருவியை வைத்து, மெயில் சர்வரில் உள்நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி வழியாக அனுப்புங்கள். ஃபிரம் எப்போதும் உங்கள் கடையின் டொமைன் முகவரியாக இருக்கட்டும், வாடிக்கையாளர் முகவரியை ‘ரிப்ளை டு’வில் போடுங்கள். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் சிபேனலிலேயே அமைக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து இதில் ஒன்றாவது இல்லாத மெயிலை ஜிமெயில் எளிதில் உள்ளே விடுவதில்லை. முக்கியமாக, மெயிலை மட்டும் நம்பாதீர்கள், முதலில் டேட்டாபேஸில் எழுதி முடித்துவிட்டு அப்புறம் மெயில் அனுப்புங்கள், மெயில் தொலைந்தாலும் ஆர்டர் இருக்கும்.

ஆதார் எண், பிறந்த தேதி என்று பத்திரிகைக்குத் தேவையில்லாத எதையும் கேட்காதீர்கள். உங்களிடம் இல்லாத விவரம் யாரிடமும் கசியாது.

அச்சுக்கூடம்:

இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ஒவ்வொருவருக்கும் நன்றி. பிஎச்பியில் இறங்கிவிட்டேன். வீட்டுக் கணினியிலேயே பிஎச்பியும் டேட்டாபேஸும் ஓட்ட உதவும் சாம்ப் நிறுவி, மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து, படிவம் டேட்டாபேஸில் எழுதும் வரை வந்துவிட்டது. தமிழ் அப்படியே சேமிக்கிறது, யாழ்தென்னை சொன்ன சார்செட் வரி இல்லாமல் முதல் நாள் எனக்கும் கேள்விக்குறிகள்தான் வந்தன. வேம்பு சொன்னதை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன், காட்டும் இடத்திலெல்லாம் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, ‘ஆர்டர் கிடைத்தது’ பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் அதே ஆர்டர் இன்னொரு முறை பதிவாகிறது. இரண்டாவது, ஒரு போட்டோ இணைத்தால் சில சமயம் போட்டோ மட்டும் வருவதில்லை, மூன்று போட்டோ இணைத்தால் பெயர், தேதி உட்பட எல்லாக் கட்டமும் காலியாக வருகிறது. பிழைச்செய்தி எதுவும் திரையில் இல்லை. இது ஏன் என்று நான்கு இரவாகத் தேடுகிறேன்.

நொய்யல்கரை:

முதலாவது எளிது. பதிவு செய்து முடித்த அதே ஃபைல் பதிலையும் காட்டினால் ரிஃப்ரெஷ் செய்யும்போது பிரவுசர் போஸ்டையே மறுபடி அனுப்பும். பதிவு முடிந்ததும் எதையும் காட்டாமல் 303 என்ற குறியீட்டோடு ‘நன்றி’ பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அப்புறம் எத்தனை தடவை ரிஃப்ரெஷ் செய்தாலும் அந்த நன்றிப் பக்கம் மட்டுமே மறுபடி வரும்.

இரண்டாவது நிஜமாகவே குழப்பும் விஷயம், நான்கு இரவு போனதில் வருத்தப்படாதீர்கள். பிஎச்பியில் அளவு வரம்பு இரண்டு இருக்கிறது. ஒரு ஃபைலுக்கு வழக்கமாக 2 எம்பி, அதற்கு மேல் போனால் அந்த ஃபைல் மட்டும் வராது, மற்றக் கட்டங்கள் வந்துவிடும். மொத்தப் படிவத்துக்கு வழக்கமாக 8 எம்பி, அதைத் தாண்டினால் பிஎச்பி அத்தனையையும் கைவிட்டுவிடும், பெயர் கட்டம்கூடக் காலியாகத்தான் தெரியும். உங்கள் கணினியில் இந்த எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் அடையாளம் இதுதான். இப்போதைய ஃபோனில் எடுத்த போட்டோ ஒன்றே 4 எம்பி வரும், மூன்று சேர்ந்தால் 12. சாம்பில் பிஎச்பி ஐஎன்ஐ என்ற அமைப்பு ஃபைலிலும், ஹோஸ்டிங்கில் சிபேனலின் ஐஎன்ஐ எடிட்டரிலும், ஃபைல் வரம்பை 10 என்றும் மொத்த வரம்பை 40 என்றும் வையுங்கள். மொத்தம் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும்.

வந்த போட்டோவை வாடிக்கையாளர் வைத்த பெயரிலேயே சேமிக்காதீர்கள், ஆர்டர் எண்ணை வைத்துப் புதுப்பெயர் கொடுத்து, இணையத்திலிருந்து நேராகத் திறக்க முடியாத ஃபோல்டரில் வையுங்கள். போட்டோ என்ற பெயரில் யாராவது பிஎச்பி ஃபைலையே ஏற்றினால் அது அங்கே ஓடக் கூடாது.

அச்சுக்கூடம்:

வரம்பை மாற்றியதும் மூன்று போட்டோவும் வந்துவிட்டன, ரிஃப்ரெஷும் சரியாகிவிட்டது. நேற்று முதலாளியிடம் காட்டினேன். அவர் ஒன்று கேட்டார்: நிரப்பி முடித்ததும் வாடிக்கையாளர் தான் எழுதியதையெல்லாம் ஒரு பக்கத்தில் பார்த்து, உறவினர் பெயர் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே திருத்திவிட்டு அப்புறம் ‘உறுதி’ என்று அழுத்தும்படி செய்ய முடியுமா என்று. அந்தப் பெரியப்பா விஷயம் அவருக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது. ஒருவர் நிரப்பியதை அடுத்த பக்கம் வரை சர்வர் நினைவில் வைத்திருக்கும் செஷன் என்று ஒன்றைப் பற்றி அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சரியான பாதைதானா?

வேம்பு:

சரியான பாதைதான். நிரப்பியதை முதலில் செஷனில் வையுங்கள், சரிபார்க்கும் பக்கத்தில் அதைக் காட்டுங்கள், ‘உறுதி’ அழுத்திய பிறகு மட்டும் டேட்டாபேஸில் எழுதுங்கள். போட்டோவைச் செஷனுக்குள் வைக்க வேண்டாம், ஒரு தற்காலிக ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு அதன் பெயரை மட்டும் செஷனில் வைத்தால் போதும். உறவினர் பெயர்களை அந்தப் பக்கத்தில் வரிக்கு ஒன்றாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் காட்டுங்கள், வீட்டுப் பெரியவர்கள் ஃபோனை வாங்கி வாசித்துப் பார்ப்பார்கள்.